‘அடுத்த மாசம் வாங்க!’ - கொங்கு கிராமங்களின் ஆஸ்பத்திரிக் கணக்கு

“ஏனுங்காத்தா, போன மாசம் குடுத்த மாத்திரை தீந்துருச்சுங்களா?”

“எங்க கண்ணு தீந்துச்சு... பாதி அப்படியே கெடக்குது. தல சுத்தறப்ப ஒண்ணு போட்டுக்கறேன். தெனமும் முழுங்குனா ஒடம்பு அதுக்கே பழகிருமாமா.”

பல்லடத்துக்குத் தெற்கேயோ கிணத்துக்கடவுக்குக் கிழக்கேயோ, எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். கேட்கிறவர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர். அதே ஊர் மகளிர் குழுவிலிருந்து வந்தவர். தோள் பையில் பிரஷர் பார்க்கும் மெஷின், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, அம்லோடிபின், மெட்ஃபார்மின் அட்டைகள், ஒரு நோட்டு, ஒரு செல்போன். மருந்துக்குக் காசில்லை. வாசலுக்கே வந்து தருகிறார்கள். அப்படியும் பாதி அட்டை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடக்கிறது.

ஆத்தாவுக்கு விவரம் போதாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், நம் ஆஸ்பத்திரிகள் அவருக்கு ஆயுசு முழுக்கப் பழக்கியது அதைத்தான். நோவு வந்தால் வா, ஊசி போட்டுக்கொள், தேறியதும் போ. காய்ச்சலுக்கு அப்படித்தான் போனார். நாலு பிரசவத்துக்கும் அப்படித்தான் போனார். கண்ணில் புரை எடுக்கவும் ஒரு தடவைதான் பஸ் ஏறினார். இப்போது திடீரென்று, உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது, சாகும்வரை தினம் ஒரு மாத்திரை என்கிறார்கள். மாதம் ஒரு தடவை சோதனை என்கிறார்கள். கொங்கு வட்டாரத்தின் மருத்துவ வசதியை இவ்வளவு காலம் படுக்கை எண்ணிக்கையில் அளந்தோம். இனி அளக்க வேண்டியது வேறு: ஒருவரால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை திரும்பிப் போக முடிகிறது?

ஒரே தடவை வைத்தியத்தில் சூரர்கள்

கோவையின் ஆஸ்பத்திரிப் பெருமை ஊரறிந்தது. குப்புசாமி நாயுடு மருத்துவமனை 1952. கோவை மருத்துவக் கல்லூரி 1966. ஸ்ரீராமகிருஷ்ணா 1975. கங்கா 1978. கே.எம்.சி.எச். 1990. பஞ்சாலைக் குடும்பங்களின் அறக்கட்டளைகள் போட்ட அஸ்திவாரத்தின் மேல் அவிநாசி ரோடு நெடுக எழும்பிய ஆஸ்பத்திரி நகரம் இது. பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் கால் வைத்ததும் இங்கேதான், 1955-ல். அன்று ஆலைத் தொழிலாளர் திரண்டிருந்த ஊர் என்பதால் வந்த யோகம். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதக் கடைசியில், அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் சென்னையையே கோவை தாண்டியது. முதல்வர் பாதுகாப்புக் கவச உடையில் வந்து பார்த்ததும் அதே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டைத்தான்.

அரசுப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. பெருந்துறையில் காசநோய்க்காரர்களுக்கென்று சானடோரியம் இருந்தது. அதே ஊரில் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பங்களிப்போடு ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து டாக்டர்களை உருவாக்கிய கதையை நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. பின்னால் அதை அரசே எடுத்துக்கொண்டு ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. 2022 ஜனவரி 12 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், உதகை மூன்றும் மேற்குப் பக்கத்துக்கே கிடைத்தன.

இந்தப் பெருமையில் வெறும் கட்டடம் மட்டும் இல்லை, பலனும் இருக்கிறது. கோவைத் தெருக்களில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. கொள்ளைநோய்க்கு ஊரைக் காலி செய்துவிட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அங்கே கூழ் ஊற்றுகிறார்கள். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 13. இந்திய சராசரி 28. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கிறது.

இதைச் சாதித்தது அவிநாசி ரோட்டுக் கண்ணாடிக் கட்டடங்கள் இல்லை. ஊர் ஊராக நடந்த ‘நர்சம்மா’. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். யார் வீட்டில் எத்தனையாவது மாசம் என்பது மாமியாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். புதன்கிழமை என்றால் தடுப்பூசி என்று பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குப் பின்னால், வேறு பல மாநிலங்களில் இல்லாத வகையில், பொது சுகாதாரத்துக்கென்றே தனித் துறை. 1939-லேயே இயற்றிய பொது சுகாதாரச் சட்டம். 1994-ல் தொடங்கி, மாத்திரையை மொத்தமாக வாங்கிக் கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையம்வரை அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகம். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012-ல் அது முதல்வர் விரிவான காப்பீடு ஆனது. 2021 டிசம்பரில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கும்போது கண்ணாடி விரியன் தீண்டினாலும், விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் 2024-ல் தமிழக அரசு சேர்த்துவிட்டது.

பிரசவம், விபத்து, பாம்புக்கடி, ஆபரேஷன். எல்லாம் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும் சமாசாரங்கள். இதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. சில சமயம் தேவைக்கு மேலேயே சூரர்களாகிவிடுகிறோம். அதே தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் சொன்ன அளவு 10 முதல் 15. நல்ல நேரம் பார்த்துக் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்லும் குடும்பங்களையும், மறுக்காமல் கத்தி எடுக்கிறவர்களையும் பற்றித் தனியாகவே ஒரு கவர் ஸ்டோரி எழுதலாம்.

நூற்றில் ஏழு

இனி வருவது நெளிய வைக்கும் கணக்கு.

2020-ல் தமிழ்நாடு முழுவதும் ‘ஸ்டெப்ஸ்’ என்ற முறையில் ஓர் ஆய்வு நடந்தது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்றது. மூன்றில் ஒருவருக்கு பிரஷர் என்பது அதிர்ச்சிதான், ஆனால் நாம் ஓரளவு யூகித்தது. யூகிக்காதது அடுத்த வரி. பிரஷர் இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம். நூறு பிரஷர்காரர்களில் ஏழு பேர்! இந்தியாவிலேயே சிறந்த மருத்துவக் கட்டமைப்பு என்று மார்தட்டிக்கொள்ளும் மாநிலத்தில்.

மாத்திரை கண்டுபிடிக்கப்படாத நோயா இது? இல்லை. விலை அதிகமா? அரசில் இலவசம், மெடிக்கல் கடையிலும் மலிவுதான். பிறகு எங்கே சிக்குகிறது என்று பார்த்தால், டாக்டர் சீட்டின் அடியில் எழுதும் அந்த வரியில்தான்: அடுத்த மாசம் வாங்க.

சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் அன்றைக்கு வரும்படி நின்றது. ராத்திரி ஷிப்ட் முடித்துக் காதில் தறிச் சத்தத்தோடு காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர், எட்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வரிசையில் நிற்க வேண்டும். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, மருந்து வாங்க இன்னொன்று. புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் போனால் ‘நாளைக்கு வாங்க’. வைத்தியம் இலவசம்தான். ஆனால், பகல் தூக்கம் போச்சு, அரை ஷிப்ட் கூலி போச்சு. காய்ச்சல் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வலியும் இல்லாத நோய்க்காக வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை யார் பொறுப்பார்கள்?

அதனால் முக்குரோட்டு மெடிக்கலில் ‘கால் வலிக்கு ரெண்டு’ கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். தெரிந்த கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க டாக்டர்’ என்று படுத்து எழுந்து வேலைக்குப் போகிறார். பிரஷர் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை இன்னொரு பக்கம் சிறுநீரகத்தை அரிக்கும். ஒரு நாள் முகம் வீங்கி, பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது டயாலிசிஸ் என்பார்கள். அது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். மாதம் ஒரு தடவை வர முடியாமல் போனவர், இனி வாரம் மூன்று தடவை வந்தாக வேண்டும். காப்பீட்டு அட்டை டயாலிசிஸ் செலவைப் பார்த்துக்கொள்ளும். துணைக்கு வரும் மனைவியின் கூலியை எந்த அட்டையும் பார்த்துக்கொள்ளாது.

சர்க்கரை, பிரஷர் எதுவுமே இல்லாமலும் சிறுநீரகம் போகிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அதில் சுமார் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. வெயிலில் நாள் முழுக்க வேலை, குடிக்கும் தண்ணீர் குறைவு என்று சந்தேகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் குனிந்து நிற்கிறவர்களின் ரத்தத்தில், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினைன் அளவை யார், எந்த வரிசையில் நிறுத்திப் பார்ப்பது?

சிறுநீரகப் பேச்சு எடுத்த பிறகு பள்ளிபாளையத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2025 ஜூலையில், நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் பகுதியில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. அரசு விசாரணைக் குழு போட்டது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைத்தது. உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிய சட்டம் வந்தது 1994-ல்; பள்ளிபாளையத்தின் பெயர் அதற்குப் பிறகும் அவ்வப்போது அடிபட்டுக்கொண்டேதான் இருந்தது. சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறவருக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கார், தங்குமிடம், கூட ஒரு ஆள் என்று எதிலும் குறை இருக்காது. அதே தொழிலாளிக்கு பிரஷர் பார்க்க மட்டும் வசதி இல்லை. மருத்துவ வசதி எட்டவில்லை என்று நாம் எழுதும்போது, யாருக்கு, எதற்கு எட்டவில்லை என்றும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

வாசலுக்கு வந்த மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, தேர்தல் கால விளம்பரம் போலத்தான் பலரும் பார்த்தார்கள். ஆனால், திட்டத்தின் மூளை சரியான இடத்தைத் தொட்டிருந்தது. நோயாளி திரும்பி வர மாட்டார் என்றால், நாம் திரும்பத் திரும்பப் போவோம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் புண் கட்ட நர்ஸ் வருவார். பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபி. வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள். 2024-ல் ஐ.நா. அமைப்புகளின் பணிக்குழு விருதும் வந்தது.

பலன் தெரிகிறதா? தெரிகிறது. அதே ஸ்டெப்ஸ் ஆய்வை மறுபடி செய்தபோது பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3-லிருந்து 17 சதவீதமாகவும், சர்க்கரையில் 10.8-லிருந்து 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். பிரஷரில் மூன்று நான்கு வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல் என்பது சாதாரணக் காரியம் இல்லை. நூறு பிரஷர்காரர்களில் 83 பேர் இன்னும் கட்டுக்கு வெளியே என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான்.

தன்னார்வலர் சம்பளக்காரர் அல்ல, ஊக்கத்தொகை வாங்குகிறவர். மாத்திரையைத் தரலாம், அளவைக் கூட்டிக் குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மெஷினில் 170 என்று காட்டினால் “ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருங்க” என்றுதான் சொல்ல முடியும். மறுபடியும் அதே பஸ், அதே வரிசை. தறி ஓட்டுகிறவரோ பனியன் கம்பெனிக்குப் போகிறவரோ, இவர் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதும் இல்லை. ஆத்தாக்கள்தான் திண்ணையில் கிடைக்கிறார்கள், நாற்பது வயது மகன் கிடைப்பதில்லை. மாரடைப்பு வந்தால் குடும்பமே கவிழ்ந்துபோவது அந்த மகனுக்கு வரும்போதுதான்.

இடையில் ஒன்று. சமீப வருஷங்களில் கிராமத்துப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய திட்டம் சுகாதாரத் துறையுடையதே அல்ல என்பது என் எண்ணம். 2021 மே மாதம் வந்த மகளிர் இலவச பஸ்தான் அது. முன்பெல்லாம் “அந்தப் பஸ் காசுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாம்” என்று மாமியார் கணக்குப் போடுவார். இப்போது அந்தக் கணக்கே எழுவதில்லை. 2024-ல் வால்பாறை, நீலகிரி, கொடைக்கானல் மலைப் பகுதிகளுக்கும் அதை நீட்டித்தார்கள். மாத்திரைக்குச் செலவிடும் கோடிகளோடு இந்த டீசல் கோடிகளையும் மருத்துவச் செலவாகவே எழுதலாம்.

நாற்பது வளைவுக்கு மேலே

சமவெளியின் சிக்கல் திரும்பிப் போவதில் என்றால், மலையில் முதல் தடவை போவதே பாடு.

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மேலே அரசு மருத்துவமனை உண்டு. சிக்கலான பிரசவம், மூளையில் ரத்தக் கசிவு, குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றால் பெரும்பாலும் ‘கீழே கொண்டு போங்க’தான். மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை மருத்துவம் மூன்றுக்கும் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருந்தால்தான் ‘சீமாங்’ மையம் என்ற அவசரப் பிரசவப் பிரிவு ஓடும். ஒருவர் லீவில் போனாலும் மற்ற இருவரும் வேலை செய்ய முடியாது. மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் மகப்பேறு டாக்டர் என்ன செய்வார்?

இந்த மலையின் வைத்திய வரலாறு கசப்பானது. தேயிலைக்காக ஆள் பிடித்துக் கொண்டுவந்து, காய்ச்சலிலும் குளிரிலும் கூலிகள் மடிந்ததைப் பின்னாளில் எழுதியவர் இங்கேயே எஸ்டேட் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல். 1969-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நாவலை இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் ‘பரதேசி’ அதிலிருந்து பிறந்தது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுக்கு ஆஸ்பத்திரி வைக்கும் கடமையை நிர்வாகத்தின் தலையில் கட்டியது. தேயிலை விலை சரியச் சரிய, எஸ்டேட் ஆஸ்பத்திரிகளும் மெலிந்தன. இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் ஜார்க்கண்டும் அசாமும் கலந்திருக்கின்றன. எங்கே வலி என்று சொல்வதற்கே அவர்களுக்கு ஒரு துணை தேவைப்படுகிறது.

ஈரோடு மாவட்டம் தாளவாடிக்குப் போக பண்ணாரியைத் தாண்டித் திம்பத்தின் 27 வளைவுகள் ஏற வேண்டும். ஏறியபின் புலிகள் காப்பகக் காடு. காட்டுயிர்களைக் காக்க இரவு நேரப் போக்குவரத்துத் தடையை நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அமல்படுத்தச் சொன்னது. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ஆனால், தாளவாடிக்காரர் உடம்புக்கு முடியாவிட்டால் சத்தியமங்கலத்தைப் பார்க்க இறங்குவதைவிடச் சாம்ராஜ்நகர் போவதே பக்கம். அங்கே போனால் மாநிலம் வேறு, பேச்சு வேறு. நம் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போக முடியாது. ஆனைகட்டிப் பக்கம் இதே கதை தலைகீழ். அங்கே அட்டப்பாடியின் கேரளத்து ஆதிவாசிகள் கோவைக்கு வருகிறார்கள். 2013-ல் அட்டப்பாடியில் அடுத்தடுத்துச் சிசுக்கள் இறந்து நாடே பேசியபோது, நல்ல ஆஸ்பத்திரி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது மாநில எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தகராறு.

உடுமலை திருமூர்த்தி மலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி போன்ற குடியிருப்புகளில் ரோடு என்பதே நெடுங்காலக் கோரிக்கை. கர்ப்பிணியை மூங்கில் கம்பில் துணித் தொட்டில் கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பாறை மேல் இறக்கிக்கொண்டு வரும் படங்கள் பேப்பரில் வரும். வந்த வாரம் அதிகாரிகள் போவார்கள். இதைத் தவிர்க்கத்தான் மலையடிவார சுகாதார நிலையங்களில் பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்கும் அறைகளை அரசு கட்டியது. யோசனை நல்லதுதான். ஆனால், மூத்த குழந்தையை யாரிடம் விடுவது, ஆட்டை யார் மேய்ப்பது, கூட வந்து தங்கும் அம்மாவின் கூலிக்கு என்ன வழி? அறை காலியாகக் கிடந்தால் ‘பழங்குடியினருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்கள்.

அரிவாள் செல் ரத்தசோகை என்று ஒன்று. பரம்பரையாக வருவது. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, குழாயில் அடைத்து, மூட்டு மூட்டாக உயிர் போகும் வலி கொடுக்கும். இந்தியாவில் இதை முதலில் கண்டதே நமக்குப் பக்கத்து நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் எழுதினார்கள். அதை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1-ல். நடுவில் எழுபத்தோரு வருஷம். அந்த எழுபது வருஷமும் சும்மா போய்விடவில்லை என்பதற்குக் கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் 1990-ல் வந்த அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையும் சாட்சி. கூடலூரில் நர்ஸாக நிற்பவர்களே பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள். இந்த நோய்க்கும் ஒரு தடவைப் பரிசோதனை போதாது. மாத்திரை ஆயுசுக்கும் தொடர வேண்டும். பரிசோதனை முகாமில் கலர் கார்டு கொடுத்து போட்டோ எடுப்பதோடு முடிந்துபோனால், கார்டு மட்டும்தான் மிஞ்சும்.

சித்தேரிக்குப் பின்னால்

முதல் தடவை, மறு தடவை இரண்டையும் ஒரே இடத்தில் தீர்த்த ஊர் ஒன்றிருக்கிறது. கொங்கின் ஓரத்தில், தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி 1993-ல் அங்கே போனபோது ஆயிரம் குழந்தைக்கு 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பக்கத்து ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அரூரில். ஒரு குடிசையில் தொடங்கினார்கள். உயரமான கட்டடத்தை விட முக்கியமாக அவர்கள் கட்டியது ஆட்களை. அதிகம் படிக்காத மலைவாசிப் பெண்களையே நர்ஸாகவும் ஊர் சுகாதார ஊழியராகவும் பழக்கினார்கள். சிசு மரணம் இருபதுகளுக்கு இறங்கியது. நோய்க்கு வறுமையும் காரணம் என்று இயற்கை விவசாயத்திலும், லம்பாடிப் பெண்களின் தையல் வேலையிலும்கூட இறங்கினார்கள்.

இதை ‘தியாகம்’ என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்வது நம் பத்திரிகை வழக்கம். அங்கே உள்ள சூட்சுமம் தியாகத்தில் இல்லை, அதே டாக்டர், அதே நர்ஸ் முப்பது வருஷமாக அங்கேயே இருப்பதில். போன தடவை பார்த்தவரே இந்தத் தடவையும் பார்க்கிறார். “போன மாசம் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்கிறவருக்கு, ஏன் போடவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அரசு ஏற்பாட்டில் இது நேர்மாறாக நடக்கிறது. மலையிலும் எட்டாத இடங்களிலும் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு முதுநிலைப் படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. வருஷத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30. அரசு டாக்டர்களுக்கு இட ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் 2020 ஆகஸ்ட் 31-ல் சொல்லிவிட்டது. நல்ல திட்டம்தான். அது இல்லாவிட்டால் மலைக்கு ஒருவரும் ஏற மாட்டார்கள். ஆனால், மார்க் சேர்ந்ததும் சீட் கிடைக்கும், சீட் கிடைத்ததும் டாக்டர் இறங்கிவிடுவார். எம்.டி. முடித்தவர் கோவையிலோ திருப்பூரிலோ மருத்துவக் கல்லூரியில் போய் நிற்பார். அவர் மேல் தப்பில்லை, பிள்ளையைப் படிக்க வைக்க ஸ்கூல் எங்கே இருக்கிறது? ஏறி வந்தவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தில் பாதியாவது, படித்து முடித்துத் திரும்பி ஏறுகிறவருக்குக் கொடுக்கலாம். குடும்பத்துக்குக் கீழே பொள்ளாச்சியில் வீடு, மாதம் பதினைந்து நாள் மேலே டூட்டி, மற்ற பதினைந்து நாளுக்கு இன்னொருவர் என்று மூன்று துறைக்கும் ஜோடி ஜோடியாகப் போட்டால், வால்பாறை சீமாங் மையத்துக்கு ஆறு ஸ்பெஷலிஸ்ட் போதும்.

சமவெளிக்கு இதைவிடச் சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. தறிப் பட்டறைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் போகும் ஒரு வண்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால பிரஷர், சர்க்கரை கிளினிக். மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் தருவது. 170 காட்டினால், தன்னார்வலர் அங்கேயே திண்ணையில் இருந்தபடி போனில் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றும் ஏற்பாடு.

இன்னொன்றுக்குப் பணமே வேண்டாம். தன்னார்வலரின் செல்போனில் ஏறும் ஒவ்வொரு அளவும் சுகாதாரத் துறையின் கணினிக்குப் போகிறது. இதுவரை எத்தனை லட்சம் பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று மட்டும் சட்டசபையில் வாசிக்கிறார்கள். எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது என்பதை ஒன்றியம் ஒன்றியமாக, மாதாமாதம் வெளியிடலாம். மடத்துக்குளம் எவ்வளவு, சுல்தான்பேட்டை எவ்வளவு, அந்தியூர் எவ்வளவு என்று டீக்கடையில் ஒப்பிட்டுப் பேசட்டும். எம்.எல்.ஏ.வைக் கேட்கட்டும். அந்தப் பட்டியல் வெளியானால் நாம் முதலில் தேட வேண்டியது வால்பாறை, தாளவாடி என்ற இரண்டு வரிகளை. அடுத்து, நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயது ஆண்கள் என்ற பத்தியை.